1,500 வெள்ளியில் கேமிங் கணினி: வாசகர் கேள்வி பதில்

பாகம் பாகமாக வாங்கிப் பொருத்தும் கேமிங் கணினி பற்றி வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம். விலை வாரத்துக்கு வாரம் மாறுவதால், கீழே வரும் தொகைகளைச் செலவு வரம்பாகப் பாருங்கள். கடை விலையென்று எண்ண வேண்டாம்.

மகன் உயர்நிலை மூன்றில் படிக்கிறான். ஆண்டிறுதி விடுமுறைக்குள் கேமிங் கணினி வேண்டுமாம். மானிட்டரையும் சேர்த்து 1,500 வெள்ளிக்கு மேல் என்னால் முடியாது. இப்போது ஆடுவது வேலரன்ட். பெரிய விளையாட்டுகளும் ஓட வேண்டும் என்கிறான். எதற்கு எவ்வளவு ஒதுக்குவது?
உட்லண்ட்ஸ் வாசகர்

முதலில் மானிட்டரை முடிவு செய்யுங்கள். மற்ற பாகங்களெல்லாம் அதைப் பார்த்துத்தான் அமையும். 1080பி திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள். 1440பி திரையில் 36.9 லட்சம். அதில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும், அதாவது திரையில் மாறி மாறி வரும் ஒவ்வொரு படத்துக்கும், கிராஃபிக்ஸ் கார்டு கிட்டத்தட்ட 1.8 மடங்கு உழைக்க வேண்டும். உங்கள் தொகைக்கு 24 அங்குல, 1080பி, ஐபிஎஸ் வகை, குறைந்தது 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படம் மாறும்) திரை பொருத்தம். அதற்கு 200 வெள்ளிக்கு மேல் போக வேண்டாம்.

மிச்சம் 1,300. அதில் 450 முதல் 500 வரை கிராஃபிக்ஸ் கார்டுக்கு. பிராசசர், மதர்போர்டு இரண்டுக்கும் சேர்த்து 300. ரேமும் எஸ்எஸ்டியும் இப்போது ஏறிக் கிடப்பதால் அவற்றுக்கு இன்னொரு 300, கொஞ்சம் கூடினாலும் கூடும். பவர் சப்ளைக்கு 90 முதல் 100. கேஸுக்கு 70. மீதியைப் பொருத்துகூலிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வரம்புக்குள் நாங்கள் போடும் பட்டியல் இது: ரைசன் 5 5600 பிராசசர், பி550 சிப்செட் உள்ள மைக்ரோ ஏடிஎக்ஸ் மதர்போர்டு, டிடிஆர்4 3200 ரேம் 8 ஜிபி இரண்டு குச்சி, 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, ஆர்டிஎக்ஸ் 5060 கார்டு, 650 வாட் பவர் சப்ளை. 5600 பெட்டியிலேயே விசிறி வருகிறது. 65 வாட் பிராசசருக்கு அது போதும். தண்ணீர்க் குளிர்விப்பான் இந்தப் பட்டியலில் தண்டச் செலவு.

ரேமில் ஒரு விஷயத்தைக் கடைக்காரரிடம் அழுத்திச் சொல்லுங்கள். 16 ஜிபி ஒரே குச்சியாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். ஒரு குச்சி என்றால் பிராசசருக்கும் மெமரிக்கும் நடுவே ஒரு தடம்தான் வேலை செய்யும். வேலரன்ட் போன்ற, பிராசசரை நம்பி ஓடும் விளையாட்டில் அந்த இழப்பு திரையிலேயே தெரியும். இரண்டு குச்சியையும் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடங்களில் செருக வேண்டும். பிறகு மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய், ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பியை இயக்க வேண்டும். மறந்தால் 3200 என்று காசு கொடுத்து வாங்கியது 2133 அல்லது 2400 வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். யாரும் வந்து சொல்லமாட்டார்கள்.

எஸ்எஸ்டியில் டிஎல்சி வகையா, கியூஎல்சி வகையா என்று கேளுங்கள். கியூஎல்சி மலிவு. ஆனால் 100 ஜிபி விளையாட்டு ஒன்றை ஒரே மூச்சில் இறக்கும்போது அதன் இடைச்சேமிப்பு நிறைந்து, எழுதும் வேகம் பழைய ஹார்டு டிஸ்க் அளவுக்கு இறங்கிவிடக்கூடும். விலை வித்தியாசம் 15, 20 வெள்ளி என்றால் டிஎல்சியையே எடுங்கள்.

கேஸ் வாங்கும்போது பையனுக்கும் உங்களுக்கும் சண்டை வரும். அவன் கண்ணாடியும் வண்ண விளக்கும் கேட்பான். முன்பக்கம் வலை போட்டதாக இருந்தால் விளக்கு எரிந்துவிட்டுப் போகட்டும். முன்பக்கமும் கண்ணாடியாக அடைத்திருந்தால் அது நம் ஊர் வெக்கைக்கு ஆகாது.

விண்டோஸ் 11 உரிமம் இந்தத் தொகைக்குள் இல்லை. உரிமம் இல்லாமலும் நிறுவி, திரையின் ஓரத்தில் எழுத்துடன் ஓட்டிக்கொண்டு, பிறகு வாங்கலாம். விண்டோஸ் 11இல் வேலரன்ட் ஓட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் இரண்டும் வேண்டும்; பயாஸில் இரண்டையும் இயக்கித் தரும்படி பொருத்துபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தேசிய சேவையில் இருக்கிறேன். மாதப் படியில் மிச்சம் பிடித்து வாங்கப் போகிறேன். ஏஎம்4 செத்துப்போன சாக்கெட், ஏஎம்5 வாங்கு என்கிறான் நண்பன். ரேம் விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது.
பிடோக் வாசகர்

ஏஎம்4, ஏஎம்5 என்பவை ஏஎம்டியின் ரைசன் பிராசசர்கள் மதர்போர்டில் உட்காரும் சாக்கெட் வகைகள்; மேலே சொன்ன 5600 ஏஎம்4. உங்கள் நண்பர் சொல்வது பாதி சரி. ஏஎம்4க்குப் பெரிய புதுப் பிராசசர் இனி வரப்போவதில்லை. ஏஎம்5 2022 செப்டம்பரில் வந்தது. 2027 வரையாவது அதற்குப் பிராசசர் விடுவோம் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. இன்று ரைசன் 5 7500எஃப் போட்டுவிட்டு, மூன்று ஆண்டு கழித்து அதே மதர்போர்டில் வேகமான ஒன்றைச் செருகலாம். ஏஎம்4இல் அந்த வழி ஏறக்குறைய அடைபட்டுவிட்டது. விளையாட்டுக்கென்றே பேர் வாங்கிய எக்ஸ்3டி வகைகளும் கடைகளில் அரிதாகிவிட்டன.

ஆனால் ஏஎம்5 டிடிஆர்5 ரேமை மட்டுமே ஏற்கும். 2025 பிற்பகுதியிலிருந்து செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதால் ரேம் விலை தாறுமாறாக ஏறிவிட்டது. டிடிஆர்4உம் ஏறித்தான் இருக்கிறது. ஆனால் அது பழைய கணினிகளிலிருந்து கழற்றி விற்கும் சந்தையில் தாராளமாகக் கிடைக்கிறது. ரேம் அசையும் பாகம் இல்லாத பொருள். பழையதாக வாங்கினாலும் பயப்பட வேண்டியதில்லை. மெம்டெஸ்ட்86 நிரலை ஒரு யூஎஸ்பியில் போட்டு ஒரு சுற்று முழுதாக ஓடவிடுங்கள். ஒரு பிழை வந்தாலும் திருப்பிக் கொடுங்கள்.

எங்கள் கணக்கு எளிது. வீட்டில் யாரிடமாவது டிடிஆர்4 ரேம் சும்மா கிடக்கிறதா? ஏஎம்4 எடுங்கள், மிச்சத்தைக் கார்டில் போடுங்கள். எல்லாமே புதிதாக வாங்க வேண்டும், மொத்தமும் 1,800க்கு மேல் போகலாம் என்றால் ஏஎம்5. அங்கே டிடிஆர்5 6000, சிஎல்30 என்று எழுதிய இரட்டைக் குச்சி ரைசனுக்குச் சரியான அளவு. அதற்கு மேல் வேகம் வாங்குவது வீண். நான்கு குச்சி மட்டும் வேண்டவே வேண்டாம். நான்கு இடமும் நிறைந்தால் ஏஎம்டி உறுதி தரும் வேகம் 3600தான்.

சிலர் இன்டெல் ஐ5 12400எஃப் பற்றியும் கேட்டிருக்கிறார்கள். நல்ல பிராசசர்தான். டிடிஆர்4 ஏற்கும் பி660 அல்லது பி760 மதர்போர்டும் அதற்குக் கிடைக்கும். வாங்கும்போது பெட்டியில் டி4 என்று இருக்கிறதா பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே மாதிரிப் பெயரில் இரண்டு வகையும் விற்கிறார்கள். டிடிஆர்4 குச்சி டிடிஆர்5 இடத்தில் நுழையாது.

8 ஜிபி கார்டு இனி உதவாது என்கிறார்களே? ஆர்டிஎக்ஸ் 5060 வாங்கலாமா, இன்னும் 120 வெள்ளி போட்டு 16 ஜிபி ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டிக்குப் போகலாமா?
செங்காங் வாசகர்

1080பி திரையில் வேலரன்ட், டோட்டா 2, கவுன்டர்-ஸ்டிரைக் 2 ஆடுபவருக்கு 8 ஜிபி தாராளம். புதிதாக வரும் பெரிய விளையாட்டுகளில் டெக்ஸ்சரை (சுவர், தரை போன்ற பரப்புகளின் நுணுக்கத்தை) உச்சத்தில் வைத்து, ஒளியை நிஜம்போலக் காட்டும் ரே டிரேசிங்கையும் இயக்கினால்தான் 8 ஜிபி நிரம்பும். நிரம்பியதும் கார்டு, கணினியின் ரேமிலிருந்து தரவை இழுக்கத் தொடங்கும். அப்போது சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) பெரிதாகக் குறையாமலே காட்சி திக்கித் திக்கி நகரும். சில விளையாட்டுகளில் சுவரும் தரையும் மெழுகு பூசியதுபோல மங்கலாகவே நின்றுவிடும். டெக்ஸ்சரை ஒரு படி இறக்கினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

மதர்போர்டையும் கணக்கில் எடுங்கள். கார்டு மதர்போர்டுடன் தரவு பரிமாறும் வழி பிசிஐஇ. 5060க்கு அதில் எட்டுத் தடங்கள்தான். பி550இல் அது 4.0 வேகத்தில், நொடிக்கு ஏறத்தாழ 16 ஜிபி. பி450, ஏ520 போன்ற 3.0 மதர்போர்டில் அதில் பாதி. மெமரி நிரம்பாதவரை இது தெரியாது. நிரம்பினால் திக்கல் இன்னும் மோசமாகும். 9060 எக்ஸ்டிக்குப் பதினாறு தடங்கள். ஆகவே பழைய மதர்போர்டில் பொருத்துபவர்கள் 120 வெள்ளியைத் தயங்காமல் போடலாம். 1440பி மானிட்டர் வாங்கியிருப்பவர்களும் அப்படியே. அதே 9060 எக்ஸ்டி 8 ஜிபியிலும் வருகிறது, பெட்டி பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். எண்ணைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

12 ஜிபி உள்ள இன்டெல் ஆர்க் பி580 விலைக்கு நல்ல கார்டு. ஆனால் ரைசன் 5 5600 போன்ற கொஞ்சம் பழைய பிராசசருடன் சேரும்போது அதன் வேகம் இறங்கிவிடுகிறது. கார்டின் மெமரி முழுவதையும் பிராசசர் ஒரேயடியாக அணுகவிடும் ரீசைசபிள் பார் வசதி இல்லாத கணினியிலோ சொல்லவே வேண்டாம். ஏஎம்5 வைத்திருப்பவர்கள் யோசிக்கலாம்.

இணையத்தில் 750 வாட் பவர் சப்ளை 39 வெள்ளிக்குக் கிடைக்கிறது. கடையில் 650 வாட்டுக்கு 95 கேட்கிறார்கள். எதற்கு இவ்வளவு வித்தியாசம்?
ஜூரோங் வெஸ்ட் வாசகர்

பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பாருங்கள். அங்கே 12 வோல்ட் என்ற கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கும். அதை 12ஆல் பெருக்குங்கள். பிராசசரும் கார்டும் கிட்டத்தட்ட முழுக்க இந்தத் தடத்தில்தான் மின்சாரம் எடுக்கின்றன. நல்ல 650 வாட் பெட்டியில் 54 ஆம்பியர் இருக்கும், பெருக்கினால் 648. 750 என்று பெரிதாக எழுதிவிட்டு 12 வோல்ட்டில் 36 ஆம்பியர் என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தால் உங்களுக்குக் கிடைப்பது 432 வாட்தான். அதுவும் உண்மையென்றால்.

மலிவுப் பெட்டிகளில் இன்னொரு ஆபத்து, பின்பக்கத்தில் 115, 230 என்று சிவப்புச் சொடுக்கி இருக்கும். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். சொடுக்கி 115இல் இருக்கும்போது பிளக்கைப் போட்டால் டப்பென்று ஒரு சத்தம், கருகிய வாடை, அவ்வளவுதான். இந்தக் காலத்து நல்ல பெட்டிகளில் அந்தச் சொடுக்கியே கிடையாது. சொடுக்கி தென்பட்டாலே உள்ளே இருப்பது பழைய வடிவமைப்பு என்று புரிந்துகொள்ளுங்கள்.

80 பிளஸ் பிரான்ஸ், கோல்டு என்பவை எவ்வளவு மின்சாரம் வெப்பமாக வீணாகிறது என்பதைத்தான் சொல்கின்றன. பாதுகாப்புச் சுற்று நன்றாக இருக்கிறதா என்பதை அந்த முத்திரை சொல்லாது. அதற்கு உத்தரவாத ஆண்டுகளைப் பாருங்கள்: ஐந்து ஆண்டு தரும் நிறுவனம் தன் மின்தேக்கிகளை நம்புகிறது, ஓர் ஆண்டு தருபவர் நம்பவில்லை.

உங்களுக்கு எத்தனை வாட் தேவை? 5060 கார்டு 145 வாட். 5600 பிராசசர் முழு வேகத்திலும் 90ஐத் தாண்டாது. மற்றதெல்லாம் சேர்த்து 60. மொத்தம் ஏறத்தாழ 300 வாட். 550 வாட் நல்ல பெட்டியே போதும். 650 என்பது அடுத்த கார்டுக்கான இடம்.

கேபிள் விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. கழற்றி மாட்டும் வகைப் பவர் சப்ளையில் ஒரு நிறுவனத்தின் கேபிளை இன்னொன்றில் மாட்டாதீர்கள். கார்டு பக்கத்து முனை பொதுவானது. பெட்டிப் பக்கத்தில் எந்தக் கம்பி எந்த வோல்ட் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போய் எஸ்எஸ்டி எரிந்துவிடும். அடுத்தது, ஹார்டு டிஸ்க் போன்றவற்றுக்கு மின்சாரம் தரும் சாட்டா முனையிலிருந்து கார்டின் 8 முள் செருகிக்கு மாற்றும் அடாப்டர். சாட்டா முனை 12 வோல்ட்டில் தாங்குவது 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். கார்டு அந்த 8 முள்ளில் 150 வாட் வரை கேட்கும். பிளாஸ்டிக் உருகுவது அங்கேதான்.

சிம் லிம் ஸ்குவேருக்குப் போனால் ஏமாற்றிவிடுவார்கள் என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள். இணையத்திலேயே வாங்கிவிடலாமா?
தோ பாயோ வாசகர்

கேமிங் பாகங்களுக்கு இன்னும் அங்கே போய்வருவது நல்லதே. ரோச்சோர் எம்ஆர்டி நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. கீழ்த்தளத்தில் கூப்பிட்டு நிறுத்துபவர்களைக் கடந்து, மேல்மாடிகளில் அச்சடித்த விலைப்பட்டியல் வைத்திருக்கும் கணினிக் கடைகளுக்குப் போங்கள். இரண்டு மூன்று கடைப் பட்டியலை வாங்கி, ஓரமாக உட்கார்ந்து ஒப்பிட்டுவிட்டு, பிறகு பேசுங்கள். பட்டியல் விலை ரொக்கத்துக்கா, நெட்ஸுக்கா, கடன் அட்டைக்குக் கூடுதலா, 9 விழுக்காடு பொருள் சேவை வரி உள்ளே இருக்கிறதா என்ற நான்கையும் முதலிலேயே கேளுங்கள்.

பாகத்தின் முழு மாடல் எண் ரசீதில் வர வேண்டும். "650 வாட் பிஎஸ்யு", "1 டிபி எஸ்எஸ்டி" என்று மொட்டையாக எழுதிக் கொடுத்தால் அதற்குள் எதை வைத்தாலும் நீங்கள் கேட்க முடியாது. முழுக் கணினியாகப் பேக்கேஜ் விலை சொல்லும்போது மட்டமான பொருள் நுழைவது பெரும்பாலும் பவர் சப்ளையிலும் எஸ்எஸ்டியிலும்தான். பிராசசர், கார்டு பெயர்களை எல்லாரும் கேட்பார்கள். அவற்றில் கை வைக்க முடியாது.

லோக்கல் செட்டா, எக்ஸ்போர்ட் செட்டா என்றும் கேளுங்கள். லோக்கல் என்றால் பெட்டியில் உள்ளூர் விநியோகிப்பாளரின் ஸ்டிக்கர் இருக்கும். பழுதானால் இங்கேயே கொடுத்து மாற்றலாம். எக்ஸ்போர்ட் என்றால் 20, 30 வெள்ளி மலிவு, ஆனால் கார்டை வெளிநாட்டுக்கு அனுப்பி மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். எஸ்எஸ்டிக்குப் பரவாயில்லை. கார்டுக்கு வேண்டாம்.

வாங்கி ஆறு மாதத்துக்குள் பழுது தெரிந்தால், அது விற்கும்போதே இருந்த பழுது என்றே லெமன் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டியது கடைக்காரர் பொறுப்பு. முதலில் பழுதுபார்ப்பு அல்லது மாற்றுப் பொருள். அது நடக்காவிட்டால் விலைக் குறைப்பு அல்லது பணம். 2012 செப்டம்பரிலிருந்து நடப்பில் உள்ள சட்டம் இது. கடைக்காரர் மசியாவிட்டால் பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது; அதற்கும் மேலே 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளுக்குச் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றம்.

ஜோகூர் பாருவில் கார்டு மலிவு. சனிக்கிழமை போய் வாங்கி வந்தால் வரி உண்டா?
உட்லண்ட்ஸ் வாசகர்

உண்டு. 48 மணி நேரத்துக்குள் திரும்பினால் 100 வெள்ளி மதிப்புள்ள பொருளுக்குத்தான் வரிவிலக்கு. 48 மணியோ அதற்கு மேலோ வெளியே இருந்தால் 500. 450 வெள்ளிக் கார்டு என்றால், காலையில் போய் மாலையில் வருபவர் 350க்கு 9 விழுக்காடு, அதாவது 31.50 கட்ட வேண்டும். வேலை அனுமதி, மாணவர் அட்டை போன்றவற்றில் இருப்பவர்களுக்கு விலக்கே கிடையாது. முழு 450க்கும் 40.50. சுங்கத்துறைச் செயலியில் முன்கூட்டியே கட்டிவிட்டால் கடற்பாலத்தில் நிற்க வேண்டியதில்லை. பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டுப் பையில் போட்டு வரலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அறிவிக்காமல் பிடிபட்டால் அபராதம், பெட்டி இல்லாவிட்டால் உத்தரவாதமும் சிக்கல். கார்டு பழுதானால் மறுபடி கடற்பாலம் தாண்ட வேண்டும் என்பதையும் விலையில் சேர்த்துப் பாருங்கள்.

கேரசல் விற்பனைத் தளத்தில் பழைய ஆர்டிஎக்ஸ் 3060 பார்த்திருக்கிறேன். வாங்கும் முன் என்ன சோதிப்பது?
ஈசூன் வாசகர்

முதல் சோதனை, விற்பவர் எங்கே சந்திக்கச் சொல்கிறார் என்பதுதான். எம்ஆர்டி வாசலில் பெட்டியைக் கைமாற்றுவதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். அவர் வீட்டில், அவர் கணினியில், ஓடுவதைக் காட்டச் சொல்லுங்கள்.

ஜிபியு-இசட் என்ற சின்ன நிரலை யூஎஸ்பியில் கொண்டுபோங்கள். கார்டின் உண்மையான சிப், மெமரி அளவு எல்லாம் அதில் வரும். பழைய சிப்பில் பயாஸை மாற்றி எழுதி வேறு பெயரில் விற்கும் கார்டுகளில் பலவற்றை அது கண்டுபிடித்து, பெயருக்கு முன்னாலேயே போலி என்று போட்டுவிடும். பிறகு கார்டை முழுச் சுமையில் ஓட்டும் ஃபர்மார்க் நிரலைப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு வெப்பத்தைப் பாருங்கள். ஜிபியு (கார்டின் சிப்) வெப்பம் 80 பாகையை ஒட்டி நின்றால் சரி. அதற்கும், சிப்பின் மிகச் சூடான இடத்தைக் காட்டும் ஹாட்ஸ்பாட் என்ற எண்ணுக்கும் நடுவே 25 பாகைக்கு மேல் இடைவெளி இருந்தால் உள்ளே வெப்பம் கடத்தும் பசை காய்ந்திருக்கலாம். அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். பசை மாற்றுவது அரை மணி நேர வேலை. திரையில் வண்ணப் புள்ளியோ கோடோ மின்னினால் பேரமே வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள்.

விசிறி ஒவ்வொன்றையும் காதால் கேளுங்கள். திருகுகளின் தலை தேய்ந்திருக்கிறதா, பின்புற முள்களில் பச்சைக் களிம்பு படிந்திருக்கிறதா என்று கைப்பேசி வெளிச்சத்தில் பாருங்கள். களிம்பு நம் ஊர் ஈரக்காற்றில், சன்னலோரம் பல ஆண்டு இருந்த கார்டுகளில் வரும். பெட்டியில் உள்ள வரிசை எண்ணும் கார்டில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். அசல் ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

2022 செப்டம்பரில் எதீரியம் என்ற மின்னாணயம் தன் முறையை மாற்றும்வரை 30 வரிசைக் கார்டுகள் பலவும் அந்த நாணயத்தை ஈட்டும் மைனிங்கில் இரவு பகலாக ஓடின. அதனால் சிப் கெட்டுப்போயிருக்கும் என்று சொல்ல முடியாது. தேய்ந்திருப்பது விசிறியும் மெமரி மேல் ஒட்டும் வெப்பப் பட்டையும். 12 ஜிபி 3060, நல்ல நிலையில் இருந்தால் இன்னும் வாங்கத் தகுந்த கார்டுதான். தனிநபரிடம் வாங்குவதற்கு லெமன் சட்டம் துணைக்கு வராது என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள்.

ரைசன் 5 7500எஃப், பி650, இரண்டு டிடிஆர்5 குச்சி. பொருத்தி முடித்தேன். விசிறி சுற்றுகிறது, மதர்போர்டில் டிராம் என்ற இடத்தில் மஞ்சள் விளக்கு, திரை கறுப்பு. அரை நிமிடம் பார்த்துவிட்டு அணைத்து அணைத்துப் போட்டுப் பார்க்கிறேன். ரேம் கெட்டுவிட்டதா?
தெம்பனிஸ் வாசகர்

அணைப்பதை நிறுத்துங்கள். ஏஎம்5 மதர்போர்டு முதல்முறை எழும்போது ரேமைப் பழக்கிக்கொள்ளும். அதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். திரை அதுவரை கறுப்பாகத்தான் இருக்கும். நீங்கள் அணைக்கும் ஒவ்வொரு முறையும் அது முதலிலிருந்து தொடங்குகிறது. பதினைந்து நிமிடம் கையை வைக்காமல் விட்டுப் பாருங்கள்.

அப்போதும் மஞ்சள் நின்றால் மின்சாரத்தை முழுதாக அணைத்துவிட்டு, ஒரே ஒரு குச்சியை இரண்டாவது இடத்தில் போடுங்கள். கொக்கி "கிளிக்" என்று பூட்டும்வரை அழுத்த வேண்டும். புதிதாகப் பொருத்துபவர்கள் உடைந்துவிடுமோ என்று பயந்து முக்கால்வாசியில் விட்டுவிடுகிறார்கள். பலிக்காவிட்டால் மற்றக் குச்சி. அதற்கும் அசையாவிட்டால் பயாஸைப் பழைய நிலைக்குத் திருப்ப, காசு வடிவப் பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி மாட்டுங்கள். பின்பக்கத்தில் பயாஸ் ஃபிளாஷ் பொத்தான் இருந்தால், எஃப்ஏடி32 முறையில் அமைத்த யூஎஸ்பியில் புதிய பயாஸ் கோப்பை, கையேடு சொல்லும் பெயரில் போட்டு ஏற்றலாம். பிராசசர் வேலை செய்யாவிட்டாலும் இது நடக்கும்.

விளக்கு மஞ்சளில் நிற்காமல் அணைந்தும் திரை வரவில்லையென்றால், எச்டிஎம்ஐ கேபிள் எங்கே போகிறது என்று பாருங்கள். 7500எஃப்இல் கிராஃபிக்ஸ் கிடையாது. மதர்போர்டின் துளையில் மாட்டினால் ஒன்றும் வராது. கீழே கார்டில் உள்ள துளையில் மாட்ட வேண்டும். சிவப்பு விளக்கு சிபியு என்ற இடத்தில் எரிந்தால் மேல் இடது மூலை 8 முள் கேபிளைத் தேடுங்கள். கேஸுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அதில் கார்டுக்கான 8 முள்ளைத் திணிக்காதீர்கள். சிபியுவுக்கானது 4+4 ஆகப் பிரியும், கார்டுக்கானது 6+2.

எங்கள் வீவக வீட்டில் அறைக்கு ஏர்கான் இல்லை. கணினி தாங்குமா? சாமி மாடத்துக்குப் பக்கத்தில்தான் மேசை போட இடம் இருக்கிறது.
அங் மோ கியோ வாசகர்

தாங்கும். பாகங்களின் வெப்பம் அறை வெப்பத்தின் மேல் ஏறி நிற்பது. 24 பாகை அறையில் 70 காட்டும் கார்டு, 31 பாகை அறையில் 77 காட்டும். அது ஆபத்து எல்லை இல்லை. விசிறிதான் கூடுதலாக இரையும். முன்னால் இரண்டு 120 மில்லிமீட்டர் விசிறி காற்றை உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள, அது போதும். டிவி அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்துவதுதான் கெடுதல்.

சாமி மாடம் உண்மையிலேயே யோசிக்க வேண்டிய விஷயம். ஊதுபத்தி, சாம்பிராணிப் புகையில் எண்ணெய்ப் பசை இருக்கிறது. அது விசிறி இறக்கையிலும் ரேடியேட்டர் தகடுகளுக்கு நடுவிலும் படிந்து, அதன்மேல் தூசி ஒட்டினால் ஊதினாலும் போகாது. ஐசோபுரொப்பில் ஆல்கஹாலில் நனைத்த தூரிகையால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். குறைந்தது இரண்டு மீட்டர் தள்ளி வையுங்கள். முன்வலையை மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவி, நன்றாகக் காய்ந்தபின் மாட்டுங்கள். விசிறியை ஊதிச் சுத்தம் செய்யும்போது விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். சுற்றவிட்டால் தாங்கி தேய்ந்துவிடும்.

அலுவலகத்தில் கழித்த டெல் கணினி ஒன்று சும்மா கிடைத்தது. அதில் 5060 போட முடியுமா?
புக்கிட் பாத்தோக் வாசகர்

பெரும்பாலும் முடியாது. அந்த வகைக் கணினிகளில் பவர் சப்ளையின் வடிவமும் மதர்போர்டுக்குப் போகும் செருகியும் டெல்லின் சொந்த அமைப்பு. கடையில் வாங்கும் பெட்டி நேராகப் பொருந்தாது. கார்டுக்கான 8 முள் கேபிளும் இருக்காது. கார்டு செருகும் பிசிஐஇ இடம் தருவது 75 வாட். அதற்குள் ஓடுவது ஆர்டிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி வகை, 70 வாட். குட்டையான கேஸுக்கேற்ற அரை உயரத்திலும் வருகிறது. 8 ஜிபி வகைக்குத் தனிக் கேபிள் வேண்டும், அதை வாங்கிவிடாதீர்கள். ரேம் ஒற்றைக் குச்சியாக இருந்தால் இன்னொன்று சேருங்கள். வேலரன்ட்டுக்கு இது போதும்.

மின்கட்டணம் எவ்வளவு கூடும்? அம்மா கேட்கிறார்.
சுவா சூ காங் வாசகர்

விளையாடும்போது மானிட்டரோடு 350 முதல் 400 வாட் என்று வையுங்கள். நாளுக்கு நான்கு மணி நேரம் என்றால் மாதம் 45 அலகு சொச்சம். அலகுக்கு 30 காசு என்று போட்டால் 14 வெள்ளி. அதே அறையில் அதே நேரம் ஏர்கான் ஓடினால் அந்தக் கணக்கை அம்மா தனியாகக் கேட்பார்.

180 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியும் பழைய திரைக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியவில்லை.
பொங்கோல் வாசகர்

விண்டோஸ் அதை 60இல் வைத்திருக்கும். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே, அட்வான்ஸ்டு டிஸ்பிளே என்று போய் 180ஐத் தேர்ந்தெடுங்கள். பட்டியலில் 180 வரவே இல்லையென்றால், மானிட்டர் பெட்டியில் வந்த டிஸ்பிளே போர்ட் கேபிளைப் பிரிக்காமல் பழைய எச்டிஎம்ஐயையே மாட்டியிருப்பீர்கள். மாற்றி மாட்டுங்கள்.